நிலநடுக்கம்: மண்ணும் மனையும் மக்களும்

(அறப்பணி வாரியத்தின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பேச்சு எதற்கு, ஐயா?" என்று சற்றுத் தயங்கினார். காரணம் உண்டு. நம் வாரியம் முதியோர் இல்லமும் மண்டபமும் சேர்ந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப நிதி திரட்டி வருகிறது. நம் பினாங்குத் தீவில், கடலோரத்து மென்மையான மண்ணில் அது எழப்போகிறது. பணம் சேர்வதற்கு முன்னால் அந்த மண்ணைப் பற்றி நாம் கொஞ்சம் பேசிவிடுவது நல்லது.

நம் முன்னோர் நிலத்தை அசையாப் பொருளாகவே கண்டார்கள். பொறுமைக்கு உவமை தேடிய வள்ளுவரும் நிலத்தைத்தான் காட்டினார். அந்த நிலமே அசைந்தால் அதற்கு விளக்கம் வேண்டும் அல்லவா? ஆதிசேடன் பாரத்தை ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு மாற்றுகிறான் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் நிலநடுக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். கடலுக்குள் வாழும் பெரும் உயிர்கள் அசைவதால் என்பார் சிலர், நிலத்தைத் தாங்கும் திசை யானைகள் களைத்து மூச்சு விடுவதால் என்பார் சிலர், காற்றோடு காற்று மோதுவதால் என்பார் சிலர் என்று பல கருத்துகளையும் அவர் தொகுத்துத் தருகிறார். தெரியாத ஒன்றுக்கு ஒரே விடையை அடம்பிடித்துச் சொல்லாமல், இருந்த கருத்துகளையெல்லாம் எடுத்து வைத்த அந்தப் பண்பு எனக்குப் பிடிக்கும்.

இன்றைய அறிவியல் சொல்லும் விடை இது. பூமியின் மேலோடு ஒரே தட்டாக இல்லை. பல பாளங்களாகப் பிரிந்து, மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. நமக்கு மேற்கே, சுமத்ராவுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் அடித்தளமாகிய பாளம் சுமத்ராவைத் தாங்கும் பாளத்துக்குக் கீழே சொருகிக்கொண்டு போகிறது. வேகம் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டு பாளங்களும் உரசும் இடத்தில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, பற்றிக்கொள்கின்றன. கீழே போகும் பாளம் மேலே உள்ளதன் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைக்கிறது. மூங்கில் கழியை இரு கையாலும் வளைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வளையும், மேலும் வளையும், ஒரு கட்டத்தில் கையை விட்டுத் தெறிக்கும். 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, நேராகப் போட்டிருந்த வேலிகள் வெட்டி நகர்த்தி வைத்ததுபோல் விலகிக் கிடந்ததை ஆராய்ந்த ரீட் என்ற அறிஞர் 1910இல் இந்தத் தத்துவத்தை எழுதினார். நிலத்தின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதுதான் அதன் சாரம்.

2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த எல்லை வந்தது. வடசுமத்ராவின் மேற்குக் கடலில் தொடங்கிய உடைவு, அந்தமான் தீவுகள் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு ஓடியது. பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரையிலான நம் தீபகற்பத்தின் நீளத்தைவிட அது அதிகம். ஓடி முடிய எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆயிற்று. சில இடங்களில் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று பதினைந்து மீட்டருக்கும் மேல் வழுக்கின. அளவு 9.1. இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். இரண்டு படி என்றால் ஆயிரம் மடங்கு. 7.1க்கும் 9.1க்கும் ஏதோ இரண்டு மதிப்பெண் வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது.

நிலத்துக்கு என்ன நேர்ந்தது? இந்தியாவின் தென்கோடியாகிய, பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட்டில் விளைந்த வயல்களில் உப்புநீர் ஏறி, நிலம் நிலமாக இல்லாமற்போயிற்று. அதே வேளையில் வட அந்தமானில் கரை உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. வளைந்திருந்த கழி தெறிக்கும்போது ஒரு பக்கம் எழும்ப, மறுபக்கம் தாழ்கிறது. இரண்டும் ஒரே செயலின் இரு முகங்கள்.

நாமும் நகர்ந்தோம். செயற்கைக்கோள் வழி அளந்து பார்த்ததில், லங்காவி சுமார் 17 சென்டிமீட்டர் மேற்கே நகர்ந்திருந்தது. கோலாலம்பூரும் சில சென்டிமீட்டர் நகர்ந்தது. நம் தீவும் அதன் கோயில்களும் வீடுகளும் கல்லறைகளும் சேர்ந்தே நகர்ந்தன. ஊரோடு சேர்ந்து போனதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று மதியம் ஒரு மணிக்கு மேல் அலை நம் கரைக்கு வந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. பத்து ஃபெரிங்கியிலும் தெலுக் பாஹாங்கிலும் பூலாவ் பெத்தோங்கிலும் அதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். மலேசியாவில் மாண்டவர்கள் 68 பேர். பெரும்பாலோர் நம் மாநிலத்தவர். எல்லா நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சத்து 27 ஆயிரம் உயிர்கள். நில அதிர்வுக்கும் நம் கரையில் அலை மோதியதற்கும் இடையே நான்கு மணி நேரம் இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி சொல்லும் ஏற்பாடு அன்று இல்லை. அதற்குப் பிறகே எச்சரிக்கை நிலையமும் கடற்கரை ஒலிபெருக்கிக் கோபுரங்களும் வந்தன.

அலையைப் பற்றி நம்மவர் நிறையப் பேசியாயிற்று. அதிர்வைப் பற்றித்தான் பேசவில்லை. "அது சுமத்ராவில் நடப்பது, நடுவே மலாக்கா நீரிணை இருக்கிறது" என்ற ஆறுதல் நம்மிடம் உண்டு. தூரம் நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை. பாதி உண்மை.

நிலநடுக்கத்தின் அலைகள் பலவகை. முதலில் வருவது நிலத்தை முன்னும் பின்னும் தள்ளும் அலை. பாறைக்குள் நொடிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் ஓடும். அடுத்து, பக்கவாட்டில் உலுக்கும் அலை. கடைசியில் நிலத்தின் மேற்பரப்பையே பற்றிக்கொண்டு மெதுவாக உருண்டு வரும் நீண்ட அலைகள். தூரம் போகப் போக வேகமாகத் துடிக்கும் அலைகள் தேய்ந்துவிடுகின்றன. மெதுவாக ஆடுபவை தேயாமல் வருகின்றன. தைப்பூசத்தில் காவடி தொலைவில் வரும்போது முதலில் நம் காதில் விழுவது உறுமியின் ஓசைதானே? தாளச் சத்தம் பக்கத்தில் வந்த பிறகே கேட்கும். அதுபோல, சுமத்ராவிலிருந்து நமக்கு வந்து சேர்வது உறுமி ஓசை போன்ற நீண்ட, மெதுவான ஆட்டம். ஓட்டுக்கூரை வீட்டில் இருப்பவருக்கு அது தெரியாது. இருபதாவது மாடியில் இருப்பவருக்கு விளக்கு ஊசலாடும், தலை சுற்றும்.

ஏன் இந்தப் பாகுபாடு? ஒவ்வொரு கட்டடத்துக்கும் சொந்தமான ஒரு தாளம் உண்டு. ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு குட்டையானால் விரைந்து ஆடும். நீண்டால் மெதுவாக ஆடும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு குழந்தையின் கை கூடப் பெரியவரை உயரத்துக்கு ஏற்றிவிடும். பொறியாளர்கள் கைக்கணக்காகச் சொல்வது, ஒரு மாடிக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி. பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப ஒரு வினாடி. இருபது மாடிக்கு இரண்டு வினாடி. மண்ணுக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. பாறை கிட்டத்தட்ட ஆடாது. களிமண் படுகை, தாம்பாளத்தில் வைத்த கேசரிபோல, மெதுவாக, நெடுநேரம் ஆடும். வந்த அலை, அடியில் உள்ள மண், மேலே நிற்கும் கட்டடம் ஆகிய மூன்றின் தாளமும் ஒன்றுசேர்ந்தால்தான் ஆபத்து.

மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 காலை அப்படித்தான் மூன்றும் ஒன்றுசேர்ந்தன. நிலம் உடைந்த இடம் பசிபிக் கடற்கரையில், நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். அளவு 8.0. உடைவுக்குப் பக்கத்தில், கடற்கரையின் பாறை நிலத்தில் இருந்த ஊர்கள் தப்பித்த அளவுக்குத் தொலைவில் இருந்த தலைநகரம் தப்பவில்லை. அஸ்டெக் மக்கள் ஏரி நடுவே கட்டிய ஊர் அது. பின்னர் வந்த ஸ்பானியர் ஏரியை வற்றவைத்து, அதன் சேற்றுப் படுகையின் மேல் நகரத்தைப் பரப்பினார்கள். அந்தப் படுகையின் தாளம் ஏறத்தாழ இரண்டு வினாடி. ஆறிலிருந்து பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் அந்த ஆட்டத்தில் விரிசல் கண்டு, விரிசல் கண்டதால் இன்னும் மெதுவாக ஆடத் தொடங்கி, மண்ணின் தாளத்தோடு சேர்ந்துகொண்டு சரிந்தன. பக்கத்தில் நின்ற பழைய இரண்டு மாடிக் கட்டடங்கள் பல பிழைத்தன. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட நாற்பத்து நான்கு மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் பிழைத்தது. மண்ணை ஆராய்ந்து, ஆழத்தில் உறுதியான படுகை வரை தூண் இறக்கிக் கட்டியிருந்தார்கள். மாண்டவர் எண்ணிக்கை பத்தாயிரம் அளவில் இருக்கும் என்பது பரவலான கணிப்பு.

சுமத்ராவின் நிலப்பகுதியில், தீவின் முதுகெலும்பு போல 1,900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு ஓடுகிறது. அந்தப் பிளவிலிருந்து நம் கரைக்கும் கிட்டத்தட்ட இதே தூரம்தான். உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. மெக்சிகோ நகரத்தின் சேறு உலகில் அரிதான மோசமான சேறு. நம்முடையது அப்படி இல்லை. ஆனால் நம் மண்ணும் ஒரே மாதிரியானது அல்ல. நடுவே நிற்கும் மலைகள் கருங்கல். கரையோரம் களிமண்ணும் மணலும். ஜோர்ஜ்டவுனின் வெல்ட் கீ பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. தஞ்சோங் தொக்கோங் பக்கம் நம் காலத்திலேயே கடல் நிலமாயிற்று. சிங்கப்பூரின் காலாங் பகுதியிலும் ஆழமான கடற்களிமண் உண்டு. 2005 மார்ச்சில் நியாஸ் தீவு நிலநடுக்கம் வந்தபோது நமக்கு நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி வந்து தெருவில் நின்றார்கள். 2009 செப்டம்பர் 30 மாலை பாடாங் நகரம் இடிந்தபோதும் அந்த ஆட்டம் இங்கே வந்தது. அங்கே மாண்டவர்கள் 1,100 பேருக்கு மேல்.

அந்தப் பாடாங்கை நோக்கித்தான் அறிஞர்கள் இன்னும் கவலையோடு பார்க்கிறார்கள். கெர்ரி சீ என்ற அமெரிக்க நிலவியலாளரும் டேனி நாதாவிஜாயா என்ற இந்தோனேசிய அறிஞரும் மென்தாவாய்த் தீவுகளின் பவளத்தைக் கொண்டு ஒரு வரலாற்றையே எழுதினார்கள். கரையோரப் பவளம் தாழ்ந்த நீர்மட்டத்துக்கு மேல் வளராது. நிலம் தாழ்ந்தால் அதுவும் மேல்நோக்கி வளரும்; நிலம் உயர்ந்தால் தலை காய்ந்து சாகும். மரத்தின் வளையம் போல அது கணக்கு எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி, ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கு ஒருமுறை அங்கே பெரும் நிலநடுக்கங்கள் கொத்தாக வருகின்றன. கடைசிக் கொத்து 1797இலும் 1833இலும். 2007இல் 8.4 அளவில் ஒன்று வந்தது. அது சேர்ந்திருந்த பளுவில் ஒரு பகுதியைத்தான் இறக்கி வைத்தது. சிபேருட் தீவின் அடியில் மீதி இன்னும் இருக்கிறது.

என்று வரும் என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. எந்த ஆய்வுக்கூடமும் நாள் குறித்துச் சொல்லியதில்லை; பஞ்சாங்கமும் சொல்லாது. கைத்தொலைபேசியில் "இன்றிரவு இத்தனை மணிக்கு" என்று வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அதுவும் ஒரு தொண்டுதான்.

நம் சொந்த நிலமும் அசைவே இல்லாதது அல்ல. 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் சிறு அதிர்வுகள் வந்தன. 2025 ஆகஸ்ட் 24 காலையில் ஜொகூரின் சிகாமட்டில் 4.1 அளவில் ஒன்று வந்தது. இவை சிறியவை. சபா வேறு கதை: 2015 ஜூன் 5 காலை ரானாவ் அருகே வந்த 6.0 அளவு நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் பாறைகள் உருண்டு 18 பேர் மாண்டார்கள். சிங்கப்பூரிலிருந்து மலையேற வந்த பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும், அவர்களை அழைத்துச் சென்ற உள்ளூர் வழிகாட்டிகளும் அவர்களுள் அடக்கம்.

இனி மண்ணிலிருந்து மனைக்கு வருகிறேன். என் தொழில் அதுதான். சற்று நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001 ஜனவரி 26, இந்தியக் குடியரசு தினம். காலை 8:46க்குக் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் கொடி ஏந்தி ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இரு பக்கத்து வீடுகளும் சரிந்தன. மாநிலம் முழுவதிலும் மாண்டவர் ஏறத்தாழ 20,000. நான் சொல்ல வந்தது அகமதாபாத்தைப் பற்றி. உடைவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சபர்மதி ஆற்றின் வண்டல் மண்ணில் இருக்கும் நகரம். அங்கே பழைய வீடுகள் பெரும்பாலும் நின்றன. அப்போதுதான் கட்டிய அடுக்குமாடிகளில் ஏறத்தாழ எழுபது விழுந்தன. அவற்றுள் பலவற்றுக்கு ஒரு பொதுக்குணம் இருந்தது. மேல் மாடிகளில் அறைக்கு அறை சுவர். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லை, வெறும் தூண்கள். மேற்பகுதி பெட்டி போல விறைத்து நிற்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் கழுத்தில் வந்து சேர்ந்தது. தூண் ஒடிந்தது, மேலே இருந்த நான்கு மாடியும் சிதறாமல் அப்படியே கீழே உட்கார்ந்தன.

தூண் ஏன் ஒடிந்தது? தூணுக்குள் நெட்டாக நிற்கும் கம்பிகளைச் சுற்றி வளையக் கம்பிகள் கட்டுவார்கள். அந்த வளையத்தின் முனையை நன்றாக உள்நோக்கி மடக்கி, கான்கிரீட்டின் வயிற்றுக்குள் கொக்கிபோல் சொருக வேண்டும். வெறும் செங்கோணமாக மடக்கி விட்டால், மேற்பூச்சு உதிர்ந்ததும் வளையம் விரிந்துகொள்ளும், நெட்டுக் கம்பிகள் பிதுங்கும், தூண் நொறுங்கும். ஒரு வளையத்தை ஒழுங்காக மடக்கக் கூடுதலாகும் கம்பி ஒரு சாண் கூட இருக்காது. கான்கிரீட் ஊற்றிய பிறகு யாரும் அதைப் பார்க்க முடியாது. அதனால்தான் ஊற்றுவதற்கு முன்னால் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கோயில் அன்பர்கள் இருக்கும் அவை என்பதால் காட்மாண்டுவின் காஷ்டமண்டபத்தையும் சொல்ல வேண்டும். அந்த நகரத்துக்கே பெயர் தந்த மரமண்டபம் அது. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் 7.8 அளவில் நேபாளம் அதிர்ந்தபோது, உள்ளே இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் இடிந்து, தானம் செய்ய வந்தவர்கள் மாண்டார்கள். அதன் அடித்தளம் பழசாகிவிட்டது, அதனால்தான் விழுந்தது என்று பலரும் நினைத்தார்கள். அகழ்ந்து பார்த்தபோது, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த அடித்தளம் சிதையாமல் இருந்தது. தூணை அடிக்கல்லோடு பிணைக்கும் பொருத்தில்தான் குறை. இடையில் நடந்த திருப்பணியில் தரையை மூடி அழகுபடுத்தினார்கள். அடியில் இருந்த குறை அப்படியே நின்றது. நம் ஆலயங்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் தீட்டிக் குடமுழுக்குச் செய்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இந்த மண்டபத்தின் நினைவு வரும்.

மண் மனையைக் கைவிடும் இன்னொரு வழியும் உண்டு. நீர் நிறைந்த மணல் குலுங்கும்போது, மணற்பருக்கைகளின் பிடி தளர்ந்து நிலமே குழம்பாகிவிடும். 2018 செப்டம்பர் 28 மாலை சுலாவேசியின் பாலு நகரில் பெத்தோபோ, பாலாரோவா என்ற குடியிருப்புகள் வீடும் தெருவும் மரமுமாக ஓடின. அங்கே மாண்டவர் நான்காயிரத்துக்கும் மேல். கடலைத் தூர்த்த மணலில் கட்டுவோர் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூர் 2013இல், மென்மண்ணில் இருபது மீட்டருக்கு மேல் எழும் புதிய கட்டடங்கள் நில அதிர்வைத் தாங்கும் கணக்கோடு வரவேண்டும் என்று வழிகாட்டு நெறி தந்தது. மலேசியாவுக்கென நில அதிர்வுக் கணக்கு வரையறுக்கப்பட்டு 2017இல் வெளிவந்தது. அதற்கு முன் எழுந்தவை அந்தக் கணக்கு இல்லாமல் எழுந்தவையே. நம் புதிய கட்டடம் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

உபயகாரர்களுக்கு ஒன்று. 2004இல் நம் மக்கள் கொடுத்த கை சும்மா இருக்கவில்லை. அது நமக்குப் பெருமை. ஆனால் கொடுத்ததெல்லாம் போய்ச் சேர வேண்டிய உருவில் சேர்ந்ததா? நாகப்பட்டினத்தில் நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணி மூட்டைகள் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்தன. கடலில் உழைத்துச் சாப்பிட்ட குடும்பத்தினர் பிறர் உடுத்துக் கழித்ததைக் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பதைக் கொடுத்தவர்கள் எண்ணவில்லை. இலங்கைக் கரையில் சில ஊர்களில் தேவைக்கு மேல் சிறு படகுகள் வந்து சேர்ந்தன. அழுகையைக் கேட்டதும் கொடுக்கும் கை நல்ல கை. கேட்பதற்கு முன் கொடுக்கும் கை எங்கே என்பதுதான் என் கேள்வி.

அப்படிக் கொடுத்த இடமும் உண்டு. நேபாளத்தில், 2015க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நேபாள நிலநடுக்கத் தொழில்நுட்பக் கழகம் உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி தந்து பள்ளிகளின் சுவர்களை வலுப்படுத்தத் தொடங்கியது. காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் அப்படி வலுப்படுத்திய நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் அன்று நின்றன. நாட்டில் ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன. சனிக்கிழமை விடுமுறை என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். மற்றப் பள்ளிகள் விடுமுறையை நம்பின.

பணமே செலவாகாத அறமும் உண்டு. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு, உடைவு தொடங்கிய இடத்துக்கு மிக அருகில். 1907இல் அங்கே அலை வந்து பலரைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து அதை 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: பலமாக நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால், பொருளை விட்டு மேட்டுக்கு ஓடு. 2004இல் அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடம்தான். ஒலிபெருக்கி இல்லை. 78,000 அளவில் மக்கள் இருந்த தீவில் மாண்டவர்கள் ஏழு பேர். நான்கு மணி நேரம் கிடைத்த நம் தீவில் எத்தனை பேர் என்று முன்பே சொன்னேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதும் அவ்வளவு சிறியதுதான். ஆட்டம் தெரிந்தால் உறுதியான மேசைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்; ஆட்டம் நிற்கும்வரை படிக்கட்டுக்கு ஓடாதே; மின்தூக்கியில் ஏறாதே; கடற்கரையில் இருந்தால் மேட்டுக்குப் போ. திருவிழாக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கத்திக்கொண்டு ஓடினால் நெரிசலே உயிரை வாங்கிவிடும். தொண்டர் படையினருக்கு இதை ஒரு மாலைப் பயிற்சியாகத் தரலாம்.

இனி நம் கட்டடம். இந்த மலரின் பின்பக்கங்களில் உபயப் பட்டியல் அச்சாகியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நுழைவாயில் வளைவுக்கு உபயகாரர் இருக்கிறார். மண்டபத்துச் சரவிளக்குக்கு இருவர் போட்டியிடுகிறார்கள். தேக்குக் கதவுக்கும் சலவைக்கல் தரைக்கும் கூட ஆள் இருக்கிறது. பைலிங்குக்கு ஒருவரும் இல்லை. மண்ணுக்குள் போகும் பணத்துக்குப் பெயர்க்கல் வைக்க இடமில்லை, அதனால்தான். அந்த இல்லத்தில் தங்கப்போகும் முதியவர்களால் ஆட்டம் வந்தால் படியிறங்கி ஓட முடியாது. அவர்களைத் தாங்கப்போவது அந்தப் பெயரில்லாத பணம்.

அறங்காவலர் குழுவிடம் மூன்று வேண்டுகோள் வைத்திருக்கிறேன். வரைபடம் எழுதுவதற்கு முன் மனையின் நான்கு மூலையிலும் நடுவிலும் மண்ணைத் துளைத்துப் பரிசோதித்து, அறிக்கையை நில அதிர்வுக் கணக்குத் தெரிந்த பொறியாளரிடம் கொடுக்க வேண்டும். கீழ்த்தளம் முழுவதையும் கார் நிறுத்தமாகத் திறந்து விடாமல், கான்கிரீட் சுவர்களைத் தக்க இடங்களில் அடியிலிருந்து உச்சி வரை எழுப்ப வேண்டும். நாலைந்து கார் குறைந்தால் குறையட்டும், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சற்று நடந்து வரலாம். மூன்றாவது, தூண்களுக்குக் கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் படம் எடுத்து, அந்தப் படங்களை வாரியத்தின் கோப்பில் வைக்க வேண்டும்.

மண் பரிசோதனைச் செலவுக்கு முதல் உபயகாரராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வரி காலியாக இருக்கிறது. விழா முடிந்ததும் அவர் வாசல் மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருப்பார்.